தலைக்குள் இரும்பு: எந்த ஸ்கான், எதற்காக?

என் பெறாமகனுக்கு 17 வயது. பீட்டா தலசீமியா மேஜர் என்ற பரம்பரை இரத்த நோய். மூன்று நான்கு கிழமைக்கு ஒருக்கால் இரத்தம் ஏற்றிக்கொண்டுதான் அவன் பள்ளிக்கூடம் போகிறான், ரியூசன் போகிறான், என்னோடு பௌதிகவியல் கணக்குக்குச் சண்டை பிடிக்கிறான். "எழுதுங்கோ சின்னம்மா, என்ர பேரை மட்டும் போடாதேங்கோ" என்று அவன் சொன்ன பிறகுதான் இதை எழுதுகிறேன்.

கனடாவில் இருக்கும் மாமி, அவனுடைய தாயான என் அக்காவுக்கு ஒரு வீடியோ அனுப்பியிருந்தா. அடிக்கடி இரத்தம் ஏற்றும் பிள்ளைகளுக்கு இரும்பு மூளையில் போய்ப் படியும், ஞாபகம் குறையும், கை கால் நடுங்கும் என்று அதில் ஒருவர் விளக்குகிறார். மாமி நல்ல மனதோடுதான் அனுப்பினா. "மூளைக்கு ஒரு எம்.ஆர்.ஐ. எடுத்துப் பாருங்கோ, காசு நான் போட்டு விடுறன்" என்று வொய்ஸும் போட்டிருந்தா. அக்காவுக்கு அன்றோடு நித்திரை போய்விட்டது. பெடியனும் அந்த நேரம் பார்த்துச் சமன்பாடுகளை மறக்கிறான், சைக்கிள் திறப்பை எங்கேயோ வைத்துவிட்டு வீடு முழுக்கத் தேடுகிறான். "நீதானே உந்தக் காந்தமெல்லாம் படிப்பிக்கிறாய், உது உண்மையோ பொய்யோ எண்டு சொல்லு" என்று அக்கா என்னைப் பிடித்துக்கொண்டா.

நான் டொக்டர் இல்லை. யாழ்ப்பாணத்தில் உயர்தரப் பிள்ளைகளுக்குப் பௌதிகவியல் படிப்பிக்கிறவள். ஆனால் எம்.ஆர்.ஐ. அடியிலிருந்து நுனி வரை பௌதிகவியல்தான். அவனைப் பார்க்கும் டொக்டரிடம் கேட்டேன். என்னிடம் படித்து இப்போது ரேடியோகிராபராக வேலை செய்யும் ஒரு பிள்ளையிடம் கேட்டேன். கிடைத்த ஆய்வுக் கட்டுரைகளையும் இருந்து வாசித்தேன். முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இதை வாசிக்கும் தாய்மாருக்கு அதுதான் முதலில் தேவை. தலசீமியாப் பிள்ளைக்கு ஸ்கான் எடுக்கக் காசு கையில் இருந்தால் அது முதலில் போக வேண்டியது இருதயத்துக்கும் ஈரலுக்கும். தலைக்குள் பார்ப்பதென்றால் பார்க்க வேண்டியது பிட்யூட்டரி என்கிற கபச்சுரப்பியை. மூளையின் ஆழத்தில் எவ்வளவு இரும்பு இருக்கிறது என்று காட்டும் படத்தை வைத்து இன்றைக்கு இந்தப் பிள்ளைகளின் மருந்தை யாரும் தீர்மானிப்பதில்லை.

இவ்வளவு இரும்பு எங்கிருந்து வருகிறது என்று அவனுக்கே ஒருநாள் கணக்காகப் போட்டுக் காட்டினேன். ஒரு பை இரத்தத்தில் 200 முதல் 250 மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. மாதம் 2 பை என்று வைத்தால் வருடத்துக்கு 24 பை. குறைந்த கணக்கில் பார்த்தாலும் 4.8 கிராம். வளர்ந்த மனிதர் ஒருவரின் உடம்பில் சாதாரணமாக இருக்கும் மொத்த இரும்பே 3 முதல் 4 கிராம்தான். உடம்பு ஒரு நாளைக்கு வெளியே விடுவது 1, 2 மில்லிகிராம். கூடிப்போயிற்று, தள்ளிவிடுவோம் என்று கழிக்க உடம்பிடம் தனி வழி ஒன்றும் இல்லை. வந்தது வந்ததுதான். முதலில் ஈரலில் சேரும், பிறகு இருதயம், கணையம், நாளமில்லாச் சுரப்பிகள் என்று போகும்.

இது எங்கள் ஆட்களுக்கு விளங்குவது கஷ்டம். அவனைப் பார்க்க வருகிறவர்கள் முருங்கையிலையும் பேரீச்சம்பழமும் ஆட்டு ஈரலும் கொண்டு வருவார்கள். "பிள்ளை வெளிறிப் போய்க் கிடக்கு, உதைச் சமைச்சுக் குடு" என்பார்கள். பாசத்தில் செய்வது, நான் ஒருவரையும் நோகமாட்டேன். ஆனால் இவனுக்கு இரத்தம் குறைவது இரும்பு இல்லாததால் இல்லை. இரத்தத்தில் ஒட்சிசனைக் காவும் ஈமோகுளோபினின் பீட்டா சங்கிலியை அவன் உடம்பால் சரியாகக் கட்ட ஏலாது, அதனால்தான். இரும்புக் குளிசையோ இரும்புச்சத்து ரொனிக்கோ இப்படியான பிள்ளைகளுக்குத் தெரியாமலும் கொடுத்துவிடக் கூடாது.

அக்காவும் அத்தானும் சொந்த மச்சான் மச்சாள். இரண்டு பேரும் காவிகள், அதாவது நோய் வெளியே தெரியாமல் அதன் மரபணுவைக் காவுகிறவர்கள் என்பது பிள்ளைக்கு ஒரு வயது ஆக முன்னம்தான் தெரிந்தது. இரண்டு காவிகள் கலியாணம் செய்தால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் நாலில் ஒரு பங்கு இந்த நோய்க்கு வாய்ப்பு. இலங்கையில் தலசீமியா அதிகம் இருப்பது குருநாகல், அனுராதபுரம் பக்கம். தேசிய தலசீமியா நிலையமும் குருநாகலில்தான் இருக்கிறது. அதற்காக வடக்கில் இல்லையென்று இல்லை. கலியாண எழுத்துக்கு முதல் ஒரு இரத்தப் பரிசோதனை செய்தால் போதும், அதைப் பற்றி வேறொரு பதிவில் விரிவாகக் கதைக்கிறேன்.

சேர்ந்த இரும்பை வெளியே எடுக்க மருந்து உண்டு. அவன் சின்னப் பிள்ளையாக இருந்தபோது டெஸ்பெரால்தான். அந்த இரவுகளை இந்தக் குடும்பத்தில் ஒருவரும் மறக்கவில்லை. 500 மில்லிகிராம் தூள் இருக்கும் சின்னக் குப்பிக்குள் ஊசித் தண்ணீர் விட்டு, நுரைக்காமல் உள்ளங்கைகளுக்கிடையில் வைத்து அக்கா மெதுவாக உருட்டுவா. கலங்கல் தெளிந்த பிறகு சிரிஞ்சில் இழுத்து, பம்பில் பூட்டி, மெல்லிய குழாயில் காற்றுக் குமிழி இல்லாமல் பார்ப்பா. பிறகு அவனுடைய வயிற்றைத் தடவி, முதல் நாள் குத்திய இடத்துக் கட்டி எது, கட்டி இல்லாத இடம் எது என்று விரலால் தேடுவா. அவன் மூச்சைப் பிடித்துக்கொண்டு கூரையைப் பார்ப்பான். ஊசி தோலுக்குக் கீழே போனால் 8 முதல் 12 மணித்தியாலம் அப்படியே இருக்க வேண்டும், கிழமைக்கு 5 இரவுக்குக் குறையாமல். விடிய எழும்பி மூத்திரம் செம்மண் நிறத்தில் போனால் "அம்மா, இண்டைக்கு இரும்பு போகுது!" என்று உள்ளேயிருந்து கத்துவான். அந்தச் சத்தம் கேட்டால்தான் அக்காவுக்குத் தேத்தண்ணி இறங்கும்.

இப்போது டிஃபெராசிரொக்ஸ் என்கிற குளிசை, ஒரு நாளைக்கு ஒரு தரம். மூன்றாவதாக டிஃபெரிப்ரோன் என்று ஒன்று இருக்கிறது. அதைப் பற்றிப் பிறகு வருகிறேன், மூளைக் கதைக்கு அதுதான் முக்கியம்.

மருந்து வேலை செய்கிறதா என்று பார்க்க வழக்கமாகச் செய்வது, இரும்பைச் சேமித்து வைக்கும் ஃபெரிட்டின் என்ற புரதத்தை அளக்கும் இரத்தப் பரிசோதனை. மலிவு, எங்கேயும் செய்யலாம். ஆனால் ஃபெரிட்டின் காய்ச்சல் வந்தாலும் கூடும், ஈரலில் அழற்சி வந்தாலும் கூடும். அதைவிடப் பெரிய குறை, இரும்பு எந்த உறுப்பில் இருக்கிறது என்று அது சொல்லாது. ஃபெரிட்டின் குறைவாக இருந்தும் இருதயத்தில் இரும்பு ஏறியிருந்த பிள்ளைகள் உண்டு. முந்தி ஈரலில் ஊசி குத்திச் சதையெடுத்துத்தான் பார்ப்பார்கள். இருதயத்தில் அப்படிச் செய்ய ஏலுமா?

இந்த இடத்தில்தான் எம்.ஆர்.ஐ. வருகிறது. என்னுடைய பாடம் என்பதால் கொஞ்சம் ஆறுதலாகவே சொல்கிறேன்.

வழமையான மெசினின் காந்தப்புலம் 1.5 டெஸ்லா. யாழ்ப்பாணத்து நிலத்தில் நிற்கும் எங்கள்மேல் படும் பூமியின் காந்தப்புலத்தைப் போல் 30,000 மடங்குக்கு மேல். எங்கள் உடம்பில் பாதிக்கு மேல் தண்ணீர்; தண்ணீரில் ஐதரசன்; ஐதரசனின் கருவில் ஒரு புரோத்தன். அந்தக் காந்தப்புலத்துக்குள் புரோத்தன்கள் செக்கனுக்கு ஏறக்குறைய 6.4 கோடித் தரம் சுழலும். ஒரு ரேடியோ அலையால் தட்டிவிட்டால் எல்லாம் ஒரே கட்டத்தில், அதாவது ஒரே தாளத்தில், சுழன்று, திரும்ப ஒரு சமிக்ஞை தரும். அந்தச் சமிக்ஞையில்தான் படம் பிறக்கிறது.

பள்ளிக்கூட இல்ல மெய்வல்லுநர் போட்டியில் மார்ச் பாஸ்ட் பார்த்திருப்பீர்கள். பாண்ட் அடிக்கிற தாளத்துக்கு நூறு பிள்ளைகள் ஒரே காலை வைத்துப் போகிறார்கள். வரிசைக்கு நடுவில் யாரோ இன்னொரு ட்ரம்மைச் சற்று வேகமாக அடிக்கிறார் என்று வையுங்கள். அவருக்குக் கிட்ட இருக்கும் பிள்ளைகள் அந்தத் தாளத்துக்கு இழுபடுவார்கள், தூர இருப்பவர்கள் பழைய தாளத்தில் போவார்கள், கொஞ்ச நேரத்தில் வரிசையே குலைந்துவிடும். திசுவில் படிந்த இரும்பு செய்வது இதுதான். அது தன்னைச் சுற்றிய காந்தப்புலத்தைச் சற்றே மாற்றுகிறது. கிட்ட இருக்கும் புரோத்தன்களின் கட்டம் பிசகுகிறது. எல்லாம் சேர்ந்து தரும் சமிக்ஞை கெதியாகச் செத்துப்போகிறது. படத்தில் அந்த இடம் கறுப்பாக விழும்.

எவ்வளவு கெதியாகச் சாகிறது என்பதுதான் அளவு. ஒரே இடத்தைச் சில மில்லிசெக்கன் இடைவெளிகளில் திரும்பத் திரும்பப் படம் எடுத்து, சமிக்ஞை குறைந்து போவதை வரைபாக்குவார்கள். உயர்தரப் பிள்ளைகளுக்குத் தெரியும், கொள்ளளவி மின்னிறங்கும் அதே அடுக்குக்குறி வளைவு. அதிலிருந்து வரும் நேர மாறிலிக்கு ரி2 ஸ்டார் என்று பெயர். இரும்பு கூடினால் ரி2 ஸ்டார் குறையும். 2001இல் லண்டன் ரோயல் பிரொம்ப்டன் மருத்துவமனையில் லிசா அண்டர்சனும் டட்லி பென்னலும் அவர்களோடு இருந்தவர்களும் இதை இருதயத்துக்குச் செய்து காட்டினார்கள். 1.5 டெஸ்லா மெசினில் இருதயத்தின் ரி2 ஸ்டார் 20 மில்லிசெக்கனுக்கு மேலே இருந்தால் நல்லது. 10க்குக் கீழே போனால் ஆபத்து. 2009இல் அதே குழு 652 நோயாளரின் ஸ்கான்களைப் பார்த்தபோது, ஒரு வருடத்துக்குள் இருதயம் செயலிழந்தவர்களில் 98 சதவீதமானவர்களின் அளவு 10க்குக் கீழேதான் இருந்தது. இருதயம் களைத்துப்போக முன்னமே தெரிகிறது, மருந்தைக் கூட்ட முடிகிறது. இந்த ஸ்கான் வந்த பிறகு பிரித்தானியாவில் தலசீமியாப் பிள்ளைகளின் இறப்பு நன்றாகக் குறைந்தது. ஒரு சின்ன அளவீடு இத்தனை பிள்ளைகளைக் காப்பாற்றியிருக்கிறது என்று நினைக்கும்போது, இந்தப் பாடத்தைப் படிப்பிக்கிறவள் என்பதில் எனக்கு உண்மையிலேயே சந்தோஷம்.

சரி, இருதயத்தில் அளக்கலாம், ஈரலில் அளக்கலாம் என்றால் மூளையிலும் அளக்கலாம்தானே? அளக்கலாம். அளப்பது பிரச்சினை இல்லை. அளந்து வரும் எண்ணுக்கு என்ன பொருள் என்பதில்தான் சிக்கல்.

முதல் விஷயம், நோய் நொடி இல்லாத மூளையிலேயே இரும்பு நிறைய இருக்கிறது. சுவீடனைச் சேர்ந்த ஹால்கிரென், சோராண்டர் என்ற இருவர் இறந்தவர்களின் மூளைகளை எடுத்து ஆராய்ந்து 1958இல் எழுதிய கட்டுரையை இன்றைக்கும் எல்லோரும் எடுத்துக் காட்டுகிறார்கள். குளோபஸ் பலிடஸ் என்ற ஆழமான பகுதியில் 100 கிராமுக்கு ஏறக்குறைய 21 மில்லிகிராம் இரும்பு. சாதாரண ஈரலில் இருப்பதைவிடக் கூட! பிறக்கும்போது கொஞ்சமாக இருந்து, முப்பது வயது வரை வேகமாக ஏறி, பிறகு அடங்குகிறது. அது அங்கே வேலையோடுதான் இருக்கிறது. டோபமைன் என்ற நரம்புச் செய்திப் பொருளை உண்டாக்க இரும்பு வேண்டும், நரம்பு நார்களைச் சுற்றிய உறை கட்டவும் இரும்பு வேண்டும். ஆகவே ஒரு 17 வயதுப் பெடியனின் மூளையை இரும்புக்கு உணர்வான முறையில் ஸ்கான் எடுத்தால் குளோபஸ் பலிடஸ் கறுப்பாகத்தான் தெரியும். பக்கத்து வீட்டுப் பெடியனுக்கும் அப்படித்தான் தெரியும். அந்தக் கறுப்பை அறிக்கையில் ஒரு வரியாகப் பார்த்தால் அக்கா என்ன பாடுபட்டிருப்பா என்று எனக்குத் தெரியும். அதே மெசினில், அதே வயதுச் சுகதேகிகளை எடுத்த படங்களோடு ஒப்பிட்டால்தான் அந்த எண்ணுக்கு ஒரு அர்த்தம் வரும்.

இரண்டாவது, மூளைக்கு ஒரு காவல் இருக்கிறது. உடம்பின் மற்ற இடங்களில் இரத்தக் குழாயிலிருந்து பொருட்கள் கசிந்து வெளியே வரும். மூளையின் நுண்குழாய்களில் கலங்கள் இடைவெளி இல்லாமல் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருக்கின்றன. இரும்பு உள்ளே போவதென்றால் அந்தக் கலங்கள் தங்கள் வாங்கிகளால் பிடித்து, தேவைக்கு ஏற்ப உள்ளே கடத்த வேண்டும். இரத்தத்தில் இரும்பு வழிந்தாலும் அது நேரே மூளைக்குள் ஊற்றுப்படாது. அந்த வீடியோவில் சொல்லாமல் விட்டது இதைத்தான்.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன? தலசீமியா நோயாளரின் மூளையின் சில பகுதிகளில் இரும்பு சற்றுக் கூடியிருப்பதாகச் சில குழுக்கள் எழுதியிருக்கின்றன. 2019இல் இத்தாலியில் இருந்து வந்த ஒரு ஆய்வு, இன்னும் நுட்பமான முறையில் அளந்து, சுகதேகிகளைவிட நோயாளருக்கு மூளை இரும்பு கூடவில்லை என்று கண்டது. இப்போது வந்திருக்கும் முறைகளில் எனக்குப் பிடித்தது, சமிக்ஞையின் கட்டத்தை வைத்து ஒவ்வொரு புள்ளியின் காந்த ஏற்புத்திறனையும் கணக்கிடுவது. சாதாரண படத்தில் இரும்பும் கல்சியமும் ஒரே கறுப்பாகத்தான் தெரியும். இந்த முறையில் இரும்பு ஒரு பக்கமும் கல்சியம் எதிர்ப் பக்கமும் விழுந்துவிடும், ஏனென்றால் ஒன்று காந்தப்புலத்தோடு சேரும், மற்றது எதிர்க்கும். வகுப்பில் பராகாந்தம், எதிர்க்காந்தம் என்று கரும்பலகையில் எழுதும்போது பிள்ளைகள் இது எதற்கு மிஸ் என்று கேட்பார்கள். இதற்குத்தான்.

மூளைக்குள் உண்மையாகவே இரும்பு குவிகிற பரம்பரை நோய் ஒன்று இருக்கிறது. செருலோபிளாஸ்மின் என்ற புரதம் பிறவியிலேயே இல்லாதவர்களுக்கு வருவது, 1987இல் ஜப்பானில் முதலில் விவரித்தார்கள். மிக அரிது. அவர்களுக்கும் இலேசான குருதிச்சோகை இருக்கும், நீரிழிவு வரும், நடுத்தர வயதில் நடையும் பேச்சும் தடுமாறும். அங்கே எம்.ஆர்.ஐ. மூளைப் படம் நோயையே கண்டுபிடித்துக் கொடுக்கிறது. அந்த நோயில் பழுதுபட்டிருப்பது மூளைக் கலங்களிலிருந்து இரும்பை வெளியே அனுப்பும் வழி. தலசீமியாவில் அந்த வழி பழுதில்லை. இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பித்தான் சிலர் பயம் காட்டுகிறார்கள்.

இனி டிஃபெரிப்ரோன். இரும்பு எடுக்கும் மருந்துகளில் இது மூளைக் காவலைத் தாண்டி உள்ளே போகக்கூடியது. மாமி அனுப்பிய வீடியோவில் "மூளை இரும்புக்கு இதைக் கேட்டு வாங்குங்கள்" என்றும் இருந்தது. இந்த இடத்தில் எனக்குக் கோபம் வந்தது. இந்த மருந்து சிலருக்கு வெள்ளணுக்களை ஒரேயடியாகக் குறைத்துவிடும். எடுக்கிறவர்கள் இரத்தத்தை அடிக்கடி பரிசோதிக்க வேண்டும், காய்ச்சல் வந்தால் உடனே நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். இருதயத்து இரும்புக்கு இது அருமையான மருந்து, டொக்டர் காரணத்தோடு கொடுத்தால் பயப்படாமல் எடுக்கலாம். மூளைப் படத்தில் கறுப்பு என்று கேட்டு வாங்குவது வேறு கதை. 2022இல் ஐரோப்பாவில் பார்க்கின்சன் என்ற நடுக்க நோய் புதிதாகக் கண்ட 372 பேரை வைத்து ஒரு பரிசோதனை நடந்தது. பார்க்கின்சனில் மூளையின் ஒரு பகுதியில் இரும்பு கூடுகிறது, அதைக் குறைத்தால் நோய் குறையும் என்ற நம்பிக்கையில் 36 கிழமைக்கு டிஃபெரிப்ரோன் கொடுத்தார்கள். எம்.ஆர்.ஐ. படத்தில் இரும்பு குறைந்தது. ஆட்களுக்கோ நோய் கூடிவிட்டது. மருந்து எடுக்காதவர்களைவிட மோசமானார்கள். மூளை அந்த இரும்பை வேலைக்கு வைத்திருந்திருக்கலாம். இதை வாசித்த அன்று இரவே அக்காவுக்குப் போன் எடுத்துச் சொன்னேன்.

அப்போ தலைக்குள் கவலைப்பட ஒன்றுமே இல்லையா? இருக்கிறது. மூளையின் அடியில், இரண்டு கண்களுக்கும் பின்னால், கடலைப் பருப்பளவில் கபச்சுரப்பி இருக்கிறது. அதன் முன்பகுதி காவலுக்கு வெளியே. இரத்தத்தில் இருக்கும் இரும்பு தடையில்லாமல் அதற்குள் போகும். மூளைத் தண்ணீரைச் சுரக்கும் கொரொயிட் பிளெக்சஸும் அப்படித்தான், அதிலும் இரும்பு படிவதைப் படங்களில் காண்கிறார்கள். ஆனால் பிள்ளைகளின் வாழ்க்கையைத் தொடுவது கபச்சுரப்பி. பருவமடையச் சொல்லிக் கட்டளை அனுப்பும் கலங்கள் அதில்தான் இருக்கின்றன, இரும்புக்கு முதலில் அடிபடுவதும் அவைதான். லொஸ் ஏஞ்சல்ஸ் சிறுவர் மருத்துவமனையில் ஜோன் வூட்டின் குழு 2012இல் காட்டியது இது: கபச்சுரப்பியில் இரும்பு முதல் பத்து வயதுக்குள்ளேயே ஏறத் தொடங்குகிறது, சுரப்பி சுருங்குவது அடுத்த பத்து வருடத்தில்தான். அந்த இடைவெளிக்குள் கண்டுபிடித்தால் மருந்தை இறுக்கிப் பிடிக்க நேரம் இருக்கிறது.

இதைப் பற்றி எங்கள் வீடுகளில் ஒருவரும் வாய் திறப்பதில்லை. தலசீமியாப் பெண் பிள்ளைகள் சிலருக்குப் பதினைந்து, பதினாறு ஆகியும் சாமத்தியம் வராது. கலியாண வீட்டிலும் கோயிலிலும் சொந்தக்காரர் தாயைக் கேட்டுக் கேட்டே நோகடிப்பார்கள். அந்தத் தாய் கடைசியில் வெளியே போவதையே நிறுத்திவிடுவா. ஆண் பிள்ளைகள் சிலரோ குரல் உடையாமல், மீசை அரும்பாமல், வகுப்பில் எல்லாரையும்விடச் சின்னவர்களாக நிற்பார்கள். ஒருவர் வாய்விட்டுச் சிரித்தால் அடுத்த நாள் பள்ளிக்கூடம் போக மாட்டார்கள். என்னுடைய பெறாமகனும் அப்படித்தான் நின்றான். இதை எழுதச் சொன்னதே அவன்தான். "மற்றப் பெடியளுக்குத் தெரியட்டும், இது ஹோர்மோன் குறைவு, ஊசி போட்டால் சரி வரும் எண்டு" என்றான். அவனுக்கு இப்போது டொக்டர் ஹோர்மோன் சிகிச்சை தொடங்கியிருக்கிறார், உயரமும் கொஞ்சம் கொஞ்சமாக ஏறுகிறது. பெண் பிள்ளைகளுக்கும் சிகிச்சை இருக்கிறது. வெட்கத்தில் மூடி வைத்தால் எலும்பும் பலமிழக்கும், அதற்குப் பிறகு சரிக்கட்டுவது கஷ்டம்.

கபச்சுரப்பியை அளப்பதில் ஒரு பௌதிகவியல் சிக்கல் உண்டு. அதற்குக் கீழேயே எலும்புக்குள் காற்று நிறைந்த ஒரு குழி இருக்கிறது. காற்றும் திசுவும் சந்திக்கும் இடத்தில் காந்தப்புலம் தானாகவே குலைந்துவிடும். ரி2 ஸ்டார் எடுத்தால் இரும்பினால் வந்த கறுப்பா காற்றினால் வந்த கறுப்பா என்று பிரிக்க ஏலாது. அதனால் அங்கே கட்டத்தைத் திரும்பச் சேர்த்துவிடும் இன்னொரு முறையில் ரி2 என்ற வேறொரு நேர மாறிலியை அளக்கிறார்கள், கூடவே சுரப்பியின் கன அளவையும் பார்க்கிறார்கள். இதை எல்லா ஸ்கான் நிலையத்திலும் செய்ய மாட்டார்கள். ஆகவே "தலைக்கு ஒரு எம்.ஆர்.ஐ." என்று பொதுவாகக் கேட்டுப் போனால், கட்டி இருக்கிறதா, பக்கவாதம் இருக்கிறதா என்று பார்க்கும் வழமையான படம்தான் கிடைக்கும். காசு போகும், கேட்ட கேள்விக்குப் பதில் வராது.

எங்கள் ஸ்கானுக்குக் கொழும்புக்குத்தான் போனோம். இரவு பஸ். இருதயம், ஈரல், கபச்சுரப்பி என்று மூன்றும் டொக்டரின் கடிதத்தில் தனித்தனியாக எழுதியிருந்தது. உள்ளே போக முன்னம் கழுத்துச் சங்கிலி, இடுப்பில் வெள்ளி அரைஞாண் எல்லாம் கழற்ற வேண்டும். அம்மம்மா போட்ட அரைஞாண், அவன் பிறந்ததிலிருந்து கழற்றாதது. அக்கா கையில் பொத்தி வைத்துக்கொண்டு இருந்தா. சாயம் ஏற்றும் ஊசி இதற்குத் தேவையில்லை, அதைக் கேட்டு அவனுக்கு நிம்மதி, அவன் வாழ்நாளில் பார்த்த ஊசி போதும். இருதயப் படத்துக்குப் பத்துப் பதினைந்து செக்கன் மூச்சைப் பிடிக்கச் சொல்வார்கள். வீட்டிலேயே பழக்கிக்கொண்டு போனோம். தலைப் பக்கத்துக்கு மூச்சுப் பிடிக்கத் தேவையில்லை, தலையை ஆட்டாமல் கிடந்தால் சரி. சத்தம்தான் காது கிழியும், பஞ்சு தருவார்கள்.

முடிவில் இருதயம் 20க்கு மேலே. ஈரலில் இரும்பு உலர் நிறையில் கிராமுக்கு 7 மில்லிகிராமைத் தாண்டியிருந்தது. 7க்கும் 15க்கும் இடையில் என்றால் மருந்து போதவில்லை என்று அர்த்தம், 15க்கு மேலே போனால் கடுமை. கபச்சுரப்பியில் இரும்பு ஏறியிருக்கிறது, ஆனால் சுரப்பி சுருங்கவில்லை. டொக்டர் குளிசையின் அளவைக் கூட்டினார். எண்ணைப் பார்த்து மருந்து மாறியது. அதற்குத்தான் ஸ்கான்.

மறதிக்கு வருகிறேன். டொக்டர் சொன்னபடி அக்கா ஒரு கொப்பியில் எழுதிக்கொண்டு வந்தா, எந்த நாள் இரத்தம் ஏற்றினது, எந்த நாள் பெடியன் சோர்ந்து இருந்தான் என்று. இரண்டு மூன்று மாதத்தில் விளங்கிவிட்டது. மறதியும் எரிச்சலும் எல்லாம் இரத்தம் ஏற்றுவதற்கு முந்திய கடைசிக் கிழமையில். ஏற்றுவதற்கு முன் ஈமோகுளோபின் 9.5க்கும் 10.5க்கும் இடையில் இருக்க வேண்டும் என்பது உலக வழிகாட்டல். இவனுக்கு இரத்தம் கிடைக்கப் பிந்தின மாதங்களில் அது 8க்குக் கீழே போயிருந்தது. மூளைக்கு ஒட்சிசன் குறைந்தால் சமன்பாடு எங்கே நிற்கும்? இப்போது இடைவெளியைக் கிழமைக் கணக்கில் இறுக்கிப் பிடித்திருக்கிறார்கள். காதுப் பரிசோதனையும் செய்தோம், டெஸ்பெரால் நீண்ட காலம் எடுத்தவர்களுக்குச் சிலவேளை கேட்கும் திறன் குறையும், கேட்காததை மறதி என்று நினைத்துவிடக் கூடாது. அவனுக்குக் காது நன்றாக இருக்கிறது.

மாமிக்கும் இதையெல்லாம் போனில் சொன்னேன். பொறுமையாகக் கேட்டா. அடுத்த வருட இருதய, ஈரல் ஸ்கானுக்குக் காசு தான் தருவதாகச் சொல்லியிருக்கிறா. யாழ்ப்பாணத்தில் இருப்பவர்களிடம் நான் கேட்பது இரத்தம். இந்த நாட்டில் இரத்தம் தன்னார்வமாகக் கொடுப்பவர்களிடமிருந்துதான் வருகிறது. பெரியாஸ்பத்திரி இரத்த வங்கிக்குப் போய்ப் படுத்தெழும்ப அரை மணித்தியாலம். பிறந்தநாளுக்கு, திவசத்துக்கு என்று முகாம் வைப்பவர்கள் நாட்களைக் கொஞ்சம் பிரித்து வைத்தால், இரத்தம் குறையும் மாதங்களிலும் இந்தப் பிள்ளைகளுக்குத் தட்டுப்படாமல் கிடைக்கும்.

ஸ்கானுக்குப் போகும் தாய்மாருக்கு இன்னும் ஒன்று. டொக்டரின் கடிதத்தில் எந்த உறுப்பு, எந்த அளவு என்று எழுதியிருக்கிறதா எனப் பார்த்துவிட்டு, அங்கே அதைச் செய்வார்களா என்று முதலே போன் எடுத்துக் கேளுங்கள். அறிக்கைத் தாளோடு சீடியையும் வாங்கிக்கொள்ளுங்கள். கூடுமானவரை அடுத்த முறையும் அதே மெசினில் எடுங்கள். ஒரு எண்ணைப் போன வருட எண்ணோடு வைத்துப் பார்க்கும்போதுதான் மருந்து வெல்கிறதா இரும்பு வெல்கிறதா என்று டொக்டருக்குத் தெரியும்.